நிறம் கழியும் காலம்

தலைமயிரின் நிறத்தைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் வினவக்கூடும். நியாயமான வினாவே. வேலையின்மையும் கடனும் விலையேற்றமும் மக்களை நெருக்கிக்கொண்டிருக்கும் ஒரு நாட்டிலே, ஓர் இளைஞன் தன் தலையில் நீலம் பூசினான் என்பதும், அந்த நீலம் கழிந்து வேறொரு நிறத்துக்கு மாற முயன்றான் என்பதும் அற்ப விடயங்களாகவே தோன்றும். எனக்கும் அவ்வாறுதான் தோன்றிற்று. ஆனால், பெரிய விடயங்களிலே நாம் விழிப்போடு இருக்கிறோம். மேடையில் நின்று நீதியைப் பேசும்போது தவறு செய்வோர் குறைவு. அற்பமானவை என்று நாம் கருதுகின்ற சிறு கருமங்களிலேதான் நமது கொள்கைகளின் உண்மையான உறுதி புலப்படுகிறது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பாடசாலை முற்றத்தில், அத்தகைய ஒரு சிறு கருமத்திலே நான் தவறினேன். அத்தவறு எழுப்பிய கேள்வியையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கும் எழுவான்கரை, படுவான்கரை என வழங்கப்படும். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் எழுவான்கரை. கடைத்தெருக்களும் காரியாலயங்களும் பெரிய பாடசாலைகளும் பெரும்பாலும் அங்கேயே உள்ளன. வயலும் மேய்ச்சல் நிலமுமாகப் பரந்து கிடக்கும் மேற்குப் பக்கம் படுவான்கரை. அம்மாணவன் படுவான்கரையிலிருந்து நாள்தோறும் இக்கரைக்கு வந்து படிப்பவன். தந்தை வாவியில் வீச்சுவலை வீசிப் பிழைப்பவர். தாய் பிறர் வயலிற் கூலிவேலை செய்பவர். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில் அவன் ஒரு கடையிலே வேலை செய்தான். அந்தக் கூலியில் ஒரு பகுதியைக் கொண்டு, சலூனில் தன் முன்மயிரை வெளிற்றி, நல்ல நீலச்சாயம் இட்டுக்கொண்டான். பெறுபேறு வந்தது, சித்தியடைந்தான், உயர்தர வகுப்பிலே என்னிடம் தமிழ் படிக்க வந்தான்.

அவன் வந்தபோது நீலம் நீலமாக இருக்கவில்லை. கழுவுதலாலும் வெயிலாலும் கழிந்து, ஒரு மங்கிய பச்சையாகிவிட்டிருந்தது. நான் அப்பொழுது பாடசாலையின் ஒழுக்காற்றுக் குழுவில் ஓர் உறுப்பினன். காலைக் கூட்டத்தின் பின் அவனை வரிசையிலிருந்து வெளியே அழைத்தேன்.

“சேர், கழுவக் கழுவப் போகுது. பாதிக்கு மேல போயிற்று. நல்லாக் கழிஞ்ச பிறகு பிரவுண் அடிச்சா ஒருத்தருக்கும் தெரியாது. கொஞ்ச நாள் தாங்க சேர்” என்றான்.

அவன் கேட்டது அவ்வளவுதான். நான் சொன்ன விடை இது: “வாவிப் பாசி உன் தலையிலும் பிடித்துவிட்டதா? திங்கட்கிழமை கறுத்தத் தலையோடு வா, இல்லையேல் வராதே.” முற்றம் முழுவதும் சிரித்தது. ஆசிரியனின் பரிகாசத்துக்குச் சிரிக்காத மாணவர் கூட்டம் எங்கும் இல்லை. அந்தச் சிரிப்பை அன்று என் சொல்வன்மைக்குக் கிடைத்த பரிசாகவே ஏற்றுக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை தாய் வந்தார். சனிக்கிழமை கடையில் ஒரு கறுப்புச் சாயப் பொட்டலம் வாங்கிக் கரைத்துப் பூசியிருக்கிறார்கள். ஞாயிறு இரவு உச்சந்தலை எரிந்து கொப்புளித்தது. விடியுமுன் நெற்றியும் இமைகளும் வீங்கிக் கண்கள் மூடிக்கொண்டன. பிள்ளையை ஆசுப்பத்திரியில் விட்டுவிட்டு, அவன் வராமைக்குக் காரணம் சொல்லவே அந்தத் தாய் வந்திருந்தார். என்மீது குற்றம் சாட்டும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. “நீங்க சொன்ன எண்டுதான் சேர் பூசின. வேற சாமான் பூசியிருக்கணுமோ?” என்று என்னிடமே கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொருட்டே தலைச்சாயத்தைப் பற்றி அறியலானேன். மொழியும் இலக்கியமும் பயின்ற எனக்கு இரசாயனம் அயலானதே. ஆயினும், நான் கட்டளையிட்ட ஒரு காரியம் எவ்வாறு நிகழ்கிறது என்பதையேனும் அறிந்திருப்பது என் கடமையாயிருந்தது. அதைக் கட்டளையிட்ட பின்பு அறிந்தேன்.

நமது மயிருக்குக் கருமை தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். அது மயிரின் உட்பகுதியில் உறைகிறது. கருமயிரின் மேல் நீலத்தையோ சிவப்பையோ நேரே இட்டால் அது துலங்குவதில்லை. ஆதலால், முதலில் ஐதரசன் பரவொட்சைட்டு முதலிய பொருள்களால் அந்த மெலனினைச் சிதைத்து மயிரை மஞ்சளாக வெளிற்றவேண்டும். ஒரு பகட்டான நிறத்தை அடைவதற்குத் தன் சொந்த நிறத்தை இழப்பது முதல் நிபந்தனை. வெளிற்றிய மயிரில் இடப்படும் பகட்டு நிறங்கள் பெரும்பாலும் மயிரோடு உறுதியாகப் பிணைவதில்லை. கழுவுந்தோறும் சிறிது சிறிதாகக் கழிகின்றன. வெயிலும் அவற்றை மங்கச் செய்கிறது. நீலம் கழியும்போது அடியிலுள்ள மஞ்சள் தலைகாட்டுகிறது. நீலமும் மஞ்சளும் கலந்து பச்சையாகத் தோன்றுகின்றன. நான் பாசி என்று நகைத்த நிறம் இவ்வாறு உண்டானதே. அது அவனுடைய அசட்டையின் அடையாளமன்று. அவன் மாறிக்கொண்டிருந்தான் என்பதன் அடையாளம்.

இன்னொன்றையும் கற்றேன். பழைய நிறம் கழியாதிருக்கப் புதிய நிறத்தை அதன் மேலே பூசினால், இரண்டும் கலந்து மூன்றாவதொரு கலங்கல் நிறமே எஞ்சும். எனவே கைதேர்ந்தவர்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள். போதிய அளவு கழிந்த பின், எஞ்சிய பச்சையை அதன் எதிர்நிறமான சிவப்பின் சாயலால் அடக்கி, அதன் பின்னரே கபில நிறத்தை இடுகிறார்கள். அந்தச் சிறுவன் சொன்ன முறை ஏறத்தாழ இதுவே. அவன் அறிந்திருந்ததை நான் அறிந்திருக்கவில்லை.

காத்திருக்க வேண்டாத வழி ஒன்று உண்டு. அதுதான் கறுப்பு. கறுப்பு எதனையும் மூடிவிடும். கறுப்புச் சாயங்களுட் பலவற்றில் பரா-பீனைலீன் டையமீன் என்னும் பொருள் இருக்கிறது. சிலருடைய உடல் அதனை ஏற்பதில்லை. கோயில் திருவிழாக்களிலும் கடற்கரைகளிலும் சிறுவர் கையில் எழுதிக்கொள்ளும் ‘கறுப்பு மருதாணி’யிலும் இதே பொருள் கலக்கப்படுவதுண்டு. ஒருமுறை அதனால் உடல் ஒவ்வாமை அடைந்துவிட்டால், அடுத்த முறை தலையில் பூசும்போது அது சீறி எழும். சாயத்தைச் சிறிதளவு தோலிலே தடவி 48 மணி நேரம் பார்த்த பின்பே தலைக்கு இடவேண்டும் என்பது இதனாலேதான். வெள்ளிக்கிழமை முற்பகலில் ஆணையிட்டுத் திங்கட்கிழமை காலையிலே கறுத்தத் தலையை எதிர்பார்த்தவன், அந்த 48 மணி நேரத்தையும் சேர்த்தே பறித்துக்கொண்டான்.

இனி, விடயத்துக்கு வருவோம். மாறிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனுக்குச் சமூகம் காலம் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறதா? கடமைப்பட்டிருக்கவில்லை என்போர் பொதுவாக இரண்டு வாதங்களை முன்வைப்பர். முதலாவது, மனிதன் உண்மையில் மாறுவதில்லை என்பது. இரண்டாவது, மாறினாலும் மாறாவிட்டாலும் ஒழுங்கு காத்திருக்க முடியாது என்பது.

முதலாவது வாதத்தை நமக்குக் குழந்தைப் பருவத்திலேயே கதையாகப் புகட்டிவிடுகிறார்கள். சாயத் தொட்டிக்குள் விழுந்து நீலமாகிய நரியின் கதையை அறியாதார் யார்? பஞ்சதந்திரத்தில் வரும் அந்த நரி, நிறத்தின் பலத்தால் காட்டுக்கு அரசனாகிறது. ஒருநாள் தன் இனத்தின் ஊளையைக் கேட்டுத் தானும் ஊளையிடுகிறது. உண்மை வெளிப்பட்டுக் கொல்லப்படுகிறது. வஞ்சகம் நிலையாது என்பதே கதையின் நீதி என்று வகுப்பிலே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அக்கதை உள்ளூரச் சொல்வது வேறொன்று. பிறப்பால் வந்த குரலே உண்மை. பின்னர் வந்த நிறம் யாவும் பொய். பிறப்பை மறந்து மேலே எழுந்தவன் என்றோ ஒருநாள் ஊளையிடுவான், அன்று அவனை அடித்துக் கொல்லலாம். பிறப்பினால் மனிதரை வகுத்த ஒரு சமுதாயத்துக்கு இதனினும் வாய்ப்பான கதை கிடைக்குமா? நரி உண்மையிலே நல்லரசு நடத்தியதா, தீயரசு நடத்தியதா என்று நமது வகுப்பறைகளிலே எவரும் கேட்பதில்லை. ‘சாயம் வெளுத்துவிட்டது’ என்று நமது பேச்சு வழக்கிலே சொல்லும்போதும் இதே எண்ணமே தொனிக்கிறது. சாயம் வெளுப்பது நமக்கு எப்போதும் ஒருவனுடைய பொய் பிடிபடுவதாகவே இருக்கிறது. ஒருவன் தான் விரும்பியே பழையதைக் கழித்துக்கொண்டிருக்கலாம் என்று நாம் நினைப்பதில்லை.

ஆயின், நிறம் மாறுவோர் யாவரையும் நம்பிவிடலாமா? நமது நாட்டு அரசியலிலே கட்சிகளுக்கு நிறங்கள் உண்டு. நேற்றுப் பச்சை மேடையில் நின்றவர் இன்று நீல மேடையில் நிற்பதையும், நாளை மீண்டும் பச்சைக்குத் திரும்புவதையும் கண்டு சலித்தவர்கள் நாம். ‘பச்சோந்தி’ என்ற வசைச்சொல்லை மக்கள் காரணமின்றி வழங்கவில்லை. இந்த ஆட்சேபம் வலுவானது. ஆனால், சாயத்தின் இயல்பே இதற்கும் ஒரு விடையைத் தருகிறது. சந்தர்ப்பவாதியின் மாற்றத்தில் கழிதல் இல்லை. பழைய நிறத்தின் மேலே புதிய நிறம் ஒரே இரவில் பூசப்படுகிறது. பழைய மேடையில் பெற்ற சொத்தும் செல்வாக்கும் தொடர்புகளும் அப்படியே அடியிலே இருக்கின்றன. அவர் எதனையும் இழப்பதில்லை. எவர் முன்னிலையிலும் மங்கிய நிறத்தோடு நிற்பதுமில்லை. மெய்யாக மாறுகிறவனோ பழையதை விடுகிறான்; புதியது இன்னும் வந்து சேரவில்லை; இடையிலே ஒரு காலம் இரண்டுமற்றவனாக, எல்லோர் கண்ணுக்கும் அலங்கோலமாக நிற்கிறான். இதனை வைத்து ஒவ்வொருவரையும் அளந்துவிட முடியும் என்று நான் கூறவில்லை. ஆனால், நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். ஒரே இரவில் மாறியவருக்கு மாலை சூட்டி மேடைக்கு அழைக்கிறோம்; மங்கிய நிறத்தோடு நிற்பவனை வரிசையிலிருந்து வெளியே இழுக்கிறோம்.

இரண்டாவது வாதம் ஒழுங்கைப் பற்றியது. அதை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். 1945இல் இந்நாட்டிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தமை ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்த பெருங்கதவு. நானும் அக்கதவு வழியே வந்தவன். சீருடையும் அந்தச் சமத்துவத்தின் ஓர் அங்கமே. தோணிக்காரன் மகனும் உத்தியோகத்தர் மகனும் ஒரே வெள்ளைத் துணியில் அமரும்போது, வீட்டு ஏற்றத்தாழ்வு சிறிது நேரமேனும் வாயிலுக்கு வெளியே நிற்கிறது. தலைக்கு விதவிதமான நிறங்களைப் பாடசாலை அனுமதித்தால், பணம் படைத்த பிள்ளைகளின் பகட்டுக்கு அதுவும் ஒரு களமாகும் என்று அஞ்சுவோரின் அச்சம் பொய்யன்று.

ஆனால் அந்தச் சமத்துவத்தின் பெயரால் நான் பிறப்பித்த ஆணை என்ன செய்தது? அதே மாணவன் வசதி படைத்த வீட்டுப் பிள்ளையாக இருந்திருப்பின், சனிக்கிழமையே நகரத்தின் நல்ல சலூன் ஒன்றில், விடயம் தெரிந்த ஒருவர், பச்சையை அடக்கி உரிய நிறத்தை இட்டிருப்பார். திங்கட்கிழமை அவன் சிரித்த முகத்தோடு வந்திருப்பான்; நானும் ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது என்று மகிழ்ந்திருப்பேன். வறியவன் கைக்கு எட்டியது கடைப் பொட்டலம். பணமில்லாதவன் மாறுவதற்குக் கையிலிருக்கும் ஒரே முதல் காலம். அதனைத்தான் அவன் கேட்டான். அதனைத்தான் நான் மறுத்தேன். எல்லோருக்கும் ஒரே விதி என்பதனால் மட்டும் விதி சமத்துவமாகிவிடுவதில்லை. அதனை நிறைவேற்றுவதற்கு ஒவ்வொருவரும் கொடுக்கவேண்டிய விலையையும் பார்க்கவேண்டும். 2016இல் கல்வி அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கியிருக்கிறது. நான் அவனைத் தொடவில்லை. பிரம்பு தூக்காத ஆசிரியன் என்று பெருமையும் பட்டுக்கொண்டவன். ஆயினும் என் சொல்லின் தழும்பு அவன் தோலில் இருக்கிறது.

இவ்வாறு எழுதுவதனால் பகட்டுச் சாயத்தை நான் விடுதலையின் கொடியாகக் கருதுகிறேன் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நிறத்தின் வரலாறு உழைப்பாளரின் வரலாறு. அது பெருமளவு துன்பத்தின் வரலாறு. ஒல்லாந்தர் ஆட்சியில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் துணிக்குச் சிவப்பூட்டும் சாயவேரைத் தோண்டுதல் குறித்த சாதியினர் மேல் சுமத்தப்பட்ட கட்டாயக் கடமையாயிருந்தது. மண்ணைக் கிளறியவன் வேறு, சிவப்பை உடுத்தவன் வேறு. வங்காளத்தில் ஆங்கிலத் தோட்டக்காரர் உழவரை நெல்லுக்குப் பதில் அவுரி பயிரிட வற்புறுத்தியமை 1859-60இல் பெருங்கிளர்ச்சியாக வெடித்தது. அந்த உழவரின் துயரத்தைத் தீனபந்து மித்ரா 1860இல் ‘நீல் தர்ப்பண்’ என்ற நாடகமாக்கினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காக ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் 1861இல் சிறை சென்றார். 1856இல் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர் இலண்டனில் நிலக்கரித் தாரின் வழியே ஊதாச் சாயத்தை ஆக்கியபின், நிறம் வயலைவிட்டு ஆலைக்குச் சென்றது. 1907இல் பாரிசில் இயூஜீன் ஷூலர் என்ற இரசாயனவியலாளர் தலைச்சாயம் ஒன்றை ஆக்கி விற்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் கிளை பரப்பியுள்ள லொரேயால் நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. மயிரை வெளிற்றும் மருந்து, நிறமூட்டும் மருந்து, அந்நிறத்தை நீக்கும் மருந்து, நீக்கியதனால் உலர்ந்த மயிரை ஆற்றும் மருந்து ஆகிய நான்கையும் இன்று சந்தை ஒரே தட்டில் வைத்து விற்கிறது. ஏழை இளைஞனின் முதற்கூலியிலும் அது தன் பங்கைப் பெற்றுக்கொண்டது. இதனைப் பற்றி வகுப்பிலே பேசவேண்டும், பேசலாம். ஆனால், சந்தையின் மீதுள்ள கோபத்தைச் சந்தையால் ஏமாற்றப்பட்ட சிறுவனின் தலையில் இறக்குவது முற்போக்கு ஆகாது. அவன் நீலத்தை விட்டு வெளியேறத் தொடங்கியிருந்தான். நானோ அவனை மீண்டும் அதே கடைக்கு, அதனினும் தீய ஒரு பொட்டலத்துக்கு, அனுப்பிவைத்தேன்.

மயிரின் பெயரால் மனிதரை ஆளுதல் புதியதன்று. சீனாவை வென்ற மஞ்சு ஆட்சியினர் 1645இல், ஆண்கள் யாவரும் முன்தலையை மழித்துப் பின்சடை வளர்க்கவேண்டும் என்றும், மறுப்போர் தலை இழப்பர் என்றும் ஆணையிட்டனர். இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளின் பின், அதே சடையை அறுப்பது கிளர்ச்சியின் அடையாளமாயிற்று. சடையை அறுத்த இளைஞருள் ஒருவரான லூ சுன், 1920இல் ‘தலைமயிரின் கதை’ என்றொரு சிறுகதை எழுதினார். வெளிநாட்டிற் கல்வி கற்கச் சென்று சடையை அறுத்த ஒருவன் ஊர் திரும்புகிறான். பொய்ச்சடை வாங்கிக் கட்டிக்கொண்டால் உற்றுப் பார்த்து நகைக்கிறார்கள். அதை எறிந்துவிட்டு நடந்தால் ஏசுகிறார்கள். உடையை மாற்றினால் இன்னும் கடுமையாக ஏசுகிறார்கள். ஈற்றில் கையில் ஒரு தடியை எடுத்து, ஏசியவர்களை அடித்த பிறகே தெரு அடங்குகிறது. இக்கதையின் கசப்பு ஆட்சியாளரைக் குறித்தது மட்டுமன்று. ஆணை பிறப்பித்த அரசு விழும் தறுவாயிலும், அதன் கண்காணிப்பு வேலையைத் தெருவிலே நின்ற சாதாரண மக்கள் சம்பளமின்றிச் செய்தனர் என்பதே லூ சுன் கண்ட உண்மை. மாறிக்கொண்டிருப்பவன் தடியெடுக்கும்வரை அவனை விடாத தெரு, அவன் தடியெடுத்ததற்குத் தானும் பொறுப்பாளி.

இதற்காகச் சீனாவரை செல்லவேண்டியதில்லை. இந்த வாவிக்கரையிலே நாமும் அத்தகைய தெருவாக இருந்திருக்கிறோம்.

2004 ஏப்ரலில், கிழக்கிலே புலிகள் இயக்கம் பிளவுண்டதை அடுத்து, பெருந்தொகையான பிள்ளைகள் முகாம்களிலிருந்து வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுட் பலர் 18 வயது நிரம்பாதவர்கள். அப்போது நான் பாடசாலை மாணவன். எங்கள் ஒழுங்கைக்கும் ஒரு பெண்பிள்ளை திரும்பி வந்தாள். ஆண்பிள்ளைகள் சட்டையை மாற்றியதும் கூட்டத்தோடு கலந்துவிட்டார்கள். அவளால் முடியவில்லை, இயக்கத்தில் அவள் மயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். நீண்ட கூந்தலே பெண்ணுக்கு இலக்கணம் என்றிருந்த ஊரிலே, கட்டை மயிர் ஒரு வாக்குமூலம் போல அவள் தலையில் இருந்தது. படையினர் கண்டால் ஒரு பயம். மீண்டும் பிடித்துச் செல்ல வருவோர் கண்டால் இன்னொரு பயம். இவ்விரு பயங்களுக்கும் அப்பால் ஊரின் கண். நெருப்புக்காய்ச்சலில் மயிர் கொட்டிவிட்டது என்று தாய் சொல்லித் திரிந்தார். எவரும் நம்பவில்லை, எவரும் மறுத்துப் பேசவுமில்லை, எல்லோரும் பார்த்தோம். அவள் கிணற்றடிக்கும் தலையில் துவாய் சுற்றிக்கொண்டே வந்தாள்.

மனிதனின் தலைமயிர் ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளரும். தோள்வரை வளர்வதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். அந்தப் பிள்ளை தன் வாழ்க்கையை மீண்டும் தொடங்குவதற்கு மாதம் ஒரு சென்ரிமீற்றராகக் காத்திருந்தாள். அவள் எதனையும் தானாகத் தெரிந்துகொண்டவளல்லள். ஆயினும் கழியவேண்டிய காலத்தின் பாரம் முழுவதும் அவள் ஒருத்தியின் தலையிலேயே விடப்பட்டது. 2009 மே மாதம் போர் முடிந்த பின்னரும், புனர்வாழ்வு பெற்றுத் திரும்பிய பெண்கள் பலருக்கு நேர்ந்ததும் இதுவே. மயிர் வளர்ந்துவிடும், ஊரின் நினைவு அதே வேகத்தில் கழிவதில்லை.

ஒரு மாணவனின் நீல முடியையும் அப்பிள்ளையின் கட்டை மயிரையும் ஒன்றாக எண்ணுமளவுக்கு நான் அறிவிழந்தவனல்லன். ஒன்று விளையாட்டு, மற்றது ஒரு தலைமுறையின் காயம். ஆனால் இரண்டையும் பார்த்த கண் ஒன்றே. நேற்றுப் பூசப்பட்டதை இன்றைய மனிதன் மேல் வைத்து, அவன் இதுதான் என்று முடிவு கட்டும் அந்தக் கண் என்னுடையது. 2004இல் வேலிக்கு இப்பால் நின்று பார்த்த சிறுவனும், பாடசாலை முற்றத்தில் பாசி என்று நகைத்த ஆசிரியனும் ஒருவனே. சிறு விடயத்தில் பழகிக்கொண்ட பார்வையே பெரிய விடயத்திலும் நம்மை நடத்துகிறது.

எனவே, நான் வந்தடைந்த முடிபு இது. மாறுவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். சமூகத்தையே மாற்றலாம் என்று நம்புகிறவர்கள், தனிமனிதன் மாறான் என்று சொல்லவும் இயலாது. ஆனால் மாற்றம் என்பது ஒரு காலத்திலே நிகழ்வது. அந்தக் காலத்தை மறுத்துவிட்டு மாற்றத்தை மட்டும் கேட்பது, பொய்யைக் கேட்பதற்குச் சமம். நமக்குத் திங்கட்கிழமையே கறுப்பு வேண்டும் என்றால், நமக்குக் கிடைப்பது கறுப்புப் பூச்சே. அதன் அடியில் பழைய நிறம் கழியாமல் இருக்கும், தோல் புண்ணாகியும் இருக்கும். பாடசாலைகளில் மட்டுமன்று, வீடுகளிலும் இயக்கங்களிலும் கட்சிகளிலும் இவ்வாறான பூச்சுகளை நாம் போதிய அளவு கண்டிருக்கிறோம். கழியும் காலத்தின் அலங்கோலத்தைச் சகித்துக்கொள்ளும் பொறுமை ஒருவர் மற்றவருக்கு இடும் பிச்சையன்று. நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றிலிருந்து கழிந்துகொண்டிருப்பவர்களாதலால், அது ஒருவருக்கொருவர் பட்ட கடன். சூழலை மாற்றுகிற மனிதன் தானும் மாறுகிறான், கற்பிப்பவனுக்கும் கல்வி வேண்டியிருக்கிறது என்ற கருத்தை 1845இல் மார்க்ஸ் தம் குறிப்புகளில் எழுதிவைத்தார். அதனை மாணவப் பருவத்தில் படித்திருந்தேன். அதன் பொருள் ஒரு பையனின் வீங்கிய முகத்தைப் பார்த்த பின்பே எனக்குப் புலப்பட்டது.

ஆசிரியர் கூட்டத்திலே ஒரு யோசனையை முன்வைத்தேன். நிறமூட்டிய தலையோடு வரும் மாணவருக்கு அது கழிவதற்கு ஒரு தவணைக் காலம் அளிக்கவேண்டும்; அதுவரை எவரும் அதைக் குறித்துப் பரிகசிக்கலாகாது; கறுப்புப் பூசுமாறு வற்புறுத்தலாகாது என்பதே அது. சிலர் ஆதரித்தனர். அனுபவம் மிக்க ஆசிரியர் ஒருவர், “இன்று ஒரு தவணை கொடுத்தால், நாளை எல்லாரும் நிறத்தோடு வருவார்களே” என்றார். அவர் தீயவரல்லர், 30 ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்காகவே உழைத்தவர். யோசனை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

அந்த மாணவன் மூன்று வாரங்களின் பின் மழித்த தலையோடு பாடசாலைக்கு வந்தான். இப்போது அவன் சொந்த மயிர், சொந்தக் கருமையோடு, ஒரு விரல் அளவு வளர்ந்திருக்கிறது. அவன் வந்த நாளே, இடைவேளையில், மர நிழலுக்கு அழைத்துச் சென்று என் தவற்றைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல சேர்” என்றான். அது மன்னிப்பன்று என்பதை நான் அறிவேன். தனக்கு மேலே இருப்பவனிடம் வேறு எதுவும் சொல்ல முடியாதவன் சொல்லும் சொல் அது. தவிரவும், நான் அவனை இழிவுபடுத்தியது முந்நூறு பேர் முன்னிலையில். மன்னிப்புக் கேட்டதோ மர நிழலில், ஒருவரும் கேளாத இடத்தில். பூச்சின் மேல் பூச்சாக அதனையும் செய்து முடித்திருந்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்திலே பேசும் முறை என்னுடையது. அவனிடம் முன்கூட்டியே கேட்டேன். அவன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றான். பெயரைச் சொல்லமாட்டேன். நான் சொன்ன வார்த்தையைச் சொல்வேன். அதனைச் சொன்னவன் நான் என்பதையும் சொல்வேன். முற்றம் அன்று சிரிக்குமோ, சிரிக்காதோ, தெரியாது. சிறிது நேரம் நானும் மங்கிய நிறத்தோடு அவர்கள் முன்னிலையில் நிற்கவேண்டியிருக்கும்.